பதினொன்னே காலுக்கு மதியச் சாப்பாடு

பிப்ரவரி 2023, பாப்பாக்கு அப்ப 13 மாசம். தென்னாப்பிரிக்கால டர்பன்ல பிப்ரவரி எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாலே சட்டை நனைஞ்சிடும். மதியம் 12:40 இருக்கும், ஹை சேர்ல உக்கார வச்சு பருப்பு சாதம் ஊட்டிக்கிட்டு இருந்தேன், மூணு வாய் வாங்குனா, நாலாவது வாய வாங்கிட்டு மெல்லவே இல்ல, கண்ணு சொருகுச்சு, தலை ஒரு பக்கமா சாஞ்சுது, அப்படியே தூங்கிட்டா. இடது கன்னம் மட்டும் உப்பிக்கிட்டு இருந்துச்சு. உள்ள சோறு இருக்கு.

எனக்கு கை கால் ஆடிப்போச்சு. பெல்ட்ட கழட்டி முன்பக்கமா சாய்ச்சு பிடிச்சுக்கிட்டு, உதட்ட மெதுவா விலக்கிப் பாத்தா கன்னத்து ஓரத்துல சோறு உருண்டையா ஒட்டியிருக்கு, நல்லவேளை கண்ணுக்குத் தெரியிற இடத்துல இருந்துச்சு, சுண்டு விரலால வெளிப்பக்கமா வழிச்சு எடுத்தேன். அவ முழிச்சு வீல்னு அழ ஆரம்பிச்சா. அதுக்கப்புறம் சாப்பிடவும் இல்ல, சரியா தூங்கவும் இல்ல. 12:30க்கு ஆரம்பிச்சிருக்க வேண்டிய என் மீட்டிங்கு வேற போச்சு.

எங்க வீட்டு நிலவரத்த சொல்லிடுறேன். நாங்க இருக்கிறது டர்பன்ல சாட்ஸ்வொர்த்ங்கிற பகுதில, வீட்டம்மாக்கு ஆஸ்பத்திரி லேப்ல வேலை, காலைல ஆறரைக்கு கெளம்பிடுவாங்க. நான் வீட்ல இருந்தே ஊர்ல இருக்கிற கம்பெனிக்கு வேலை பாக்குறேன். இந்தியா நேரம் நம்மள விட மூணரை மணி நேரம் முன்னாடி, அவங்களுக்கு சாயங்காலம் 4 மணி மீட்டிங்னா எனக்கு சரியா மதியம் 12:30. அதனால பகல் முழுக்க பாப்பா என்கிட்டதான், அந்த 12:30ல இருந்து 2 மணிக்குள்ள அவ தூங்கியே ஆகணும். இல்லன்னா பொழப்பு ஓடாது.

13 மாசம் வரைக்கும் ரெண்டு தூக்கம் தூங்குனா, காலைல 9:30க்கு ஒண்ணு, மதியம் ஒண்ணரைக்கு ஒண்ணு. நடுவுல 12:30க்கு நம்ம வீட்டு வழக்கப்படி மதியச் சாப்பாடு. அது நல்லாத்தான் போச்சு. பொதுவா ஒரு வயசுலருந்து ஒன்றரை வயசுக்குள்ள ரெண்டு தூக்கம் ஒண்ணா மாறும், எங்களுக்கு அது ஆரம்பத்துலயே வந்துடுச்சு. காலைத் தூக்கத்த அவளே விட்டுட்டா. நான் என்ன பண்ணேன், தூக்கத்த மட்டும் மாத்திட்டு சாப்பாட்டு நேரத்த அங்கேயே விட்டுட்டேன். அதுதான் தப்பு. ஆனா அது தப்புன்னு புரிய எனக்கு ஆறு வாரம் ஆச்சு.

அந்த ஆறு வாரமும் ஒரே கதைதான். 12:30க்கு உக்கார வச்சா தட்ட தள்ளி விடுவா, துப்புவா, கண்ண கசக்குவா. சரி பசிக்கல போலன்னு நெனச்சு ஒரு பாட்டில் பால குடுத்து படுக்கப் போடுவேன். 35 நிமிஷத்துல எந்திரிச்சு அழுவா. தூக்கம் வரல போலன்னு தூக்கிக்கிட்டு வருவேன், அழுகைய நிறுத்த பிஸ்கட், வாழைப்பழம், மறுபடி பால். ராத்திரி சோறு சாப்பிட வயித்துல எடம் இருக்காது, ரெண்டு மணிக்கு பசியில எந்திரிப்பா, அப்பவும் பால். பசிக்கலன்னு நான் நெனச்ச நேரத்துல எல்லாம் அவளுக்கு தூக்கம், தூக்கம் வரலன்னு நெனச்ச நேரத்துல பசி. ரெண்டையும் மாத்தி மாத்தி படிச்சிருக்கேன்.

செக்கப்புக்கு போனப்பதான் இது வெளிய வந்துச்சு. இங்க ஒவ்வொரு புள்ளைக்கும் ரோடு டு ஹெல்த்னு ஒரு புக் குடுப்பாங்க, தடுப்பூசி, எடை, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ குடுக்குற வைட்டமின் ஏ, பூச்சி மருந்து எல்லாம் அதுலதான் குறிப்பாங்க, எந்த வயசுக்கு என்ன சாப்பாடுன்னும் போட்டிருக்கும். அங்க இருந்த சிஸ்டர் அந்த புக்க பாத்துட்டு ஒரு நாளைக்கு எவ்ளோ பால்னு கேட்டாங்க. மனசுக்குள்ள கூட்டிப் பாத்தேன், 800 மில்லி வருது. அவங்க பாப்பாவோட கீழ் இமைய இழுத்துப் பாத்துட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்னாங்க, இரும்புச் சத்து கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. ஒரு வயசுக்கு மேல பசும்பால் ஒரு நாளைக்கு 500 மில்லிக்குள்ள இருக்கணும், பால்ல இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதோட வயித்த நிரப்பிட்டா இரும்பு இருக்கிற சாப்பாட்டுக்கு பசிக்காதுன்னு பொறுமையா சொன்னாங்க. இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. வீட்டுக்கு வர்ற வழி முழுக்க எனக்கு மனசே சரியில்ல, புள்ள சாப்பிடலன்னு பால குடுத்தேன், பால குடுத்ததாலதான் புள்ள சாப்பிடல.

வழி காட்டினது பக்கத்து வீட்டு ஆயா. இங்க நெறைய தமிழ் வீடுகள்ல பாட்டிய ஆயான்னுதான் கூப்பிடுவாங்க, எங்களுக்கும் அவங்க ஆயாதான். அவங்க முன்னோருங்க கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்தவங்க, வீட்ல பேச்சு இங்கிலீஷ்தான், ஆனா எங்ககிட்ட பேசும்போது சின்ன வயசுல கேட்ட தமிழ தேடித் தேடி எடுத்துப் பேசுவாங்க, அத கேக்கவே எனக்கு ஆசையா இருக்கும். அவங்க 26 வருஷம் கிரீச்ல, அதாவது குழந்தைங்க காப்பகத்துல, வேலை பாத்தவங்க. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "தம்பி, பாப்பா எத்தன மணிக்கு சோறு?"ன்னு கேட்டாங்க. பன்னெண்டரைன்னேன். தலைய ஆட்டுனாங்க. "லேட். கிரீச்ல பதினொன்னே கால், எல்லாம் பெஞ்சுல உக்காரு, சாப்பிடு. பன்னெண்டு மணி, கை வாய் கழுவி மெத்தையில படு. சோறு மொதல்ல, தூக்கம் வர்றதுக்கு மொதல்ல." நான் அது சமையல்காரங்க சீக்கிரம் வேலைய முடிச்சுட்டு போறதுக்காகன்னு நெனச்சிருந்தேன். இல்லையாம். இருவது முப்பது புள்ளைங்கள வச்சு வருஷக் கணக்கா பாத்துப் பாத்து வந்த நேரமாம் அது. தூக்கம் வந்துட்ட புள்ள மெல்லாது, அவ்ளோதான்.

அன்னிக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்தேன். ஒரு வாரம் எதையும் மாத்தாம எழுத மட்டும் செஞ்சேன், எத்தன மணிக்கு எந்திரிச்சா, என்ன வாயில போச்சு (பிஸ்கட் துண்டு, ரெண்டு வாய் ஜூஸ் உட்பட), எப்ப மொதல் தடவ கண்ண கசக்குனா, எப்ப தூங்குனா, எவ்ளோ நேரம். ஒரு வாரம் கழிச்சு பாத்தா கண்ண கசக்குற நேரம் காலைல எந்திரிச்சதுல இருந்து கிட்டத்தட்ட அஞ்சே கால் மணி நேரத்துல வருது, கடிகாரம் என்ன காட்டுதுங்கிறத பத்தி அவளுக்கு கவலையே இல்ல. ஆறே முக்காலுக்கு எந்திரிச்சா 12 மணி, ஆறரைக்கு எந்திரிச்சா 11:45. நான் சோறு கொண்டாந்து வைக்கிற நேரம் அதுக்கு அப்புறம். இன்னொன்னும் தெரிஞ்சுது, 10:30க்கு நான் குடுத்துக்கிட்டு இருந்த ஸ்நாக்தான் மதியச் சாப்பாட்டக் கெடுத்துச்சு. ஸ்நாக்குக்கும் சோத்துக்கும் நடுவுல ரெண்டேகால் மணி நேரமாவது வயிறு சும்மா இருக்கணும்.

அதனால பின்னாடி இருந்து எண்ணி வச்சேன். தூக்கம் 12:15. அதுக்கு முன்னாடி கை கழுவ, டயப்பர் மாத்த, திரைய இழுக்க, ஒரு கதை சொல்ல 20 நிமிஷம். சாப்பிட 30 நிமிஷம், சில நாள் 40. அப்ப சோறு 11:15. ஸ்நாக் 9 மணி, அதுவும் சின்னதா, பாதி வாழைப்பழம் இல்லன்னா ரெண்டு துண்டு பப்பாளி. காலைச் சாப்பாடு 7 மணிக்கு. 9ல இருந்து 11:15 வரைக்கும் தண்ணி மட்டும். மொத மூணு நாள் 10:30க்கு அந்த பிஸ்கட் டப்பா இருக்கிற அலமாரிய பாத்து கை நீட்டி அழுதா, எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, தோட்டத்துக்கு தூக்கிக்கிட்டு போய் குரங்கு காட்டுனேன். நாலாவது நாள் மறந்துட்டா. அஞ்சாவது நாள் 11:15க்கு ஹை சேர்ல உக்காந்து பருப்பு சாதத்த அவளே கையால அள்ளி வாயில போட்டுக்கிட்டா, ஸ்பூன வாங்கல, ரெண்டு கையாலயும் அள்ளுறா, நெய்யும் சோறும் முழங்கை வரைக்கும் வழியுது, முடியெல்லாம் பருப்பு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அன்னிக்கு ஒன்னே முக்கால் மணி நேரம் தூங்குனா. மீட்டிங்க முடிச்சுட்டு போய் எட்டிப் பாக்குறேன், இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கா.

எல்லா நாளும் அப்படி இருக்காது. பல்லு வந்தா, சளி புடிச்சா, தடுப்பூசி போட்டா இந்த கணக்கெல்லாம் நிக்காது, அப்ப என்ன சாப்பிடுதோ சாப்பிடட்டும்னு விட்டுடணும், உடம்பு சரியானதும் மூணு நாள்ல பழைய நேரத்துக்கு வந்துடும். இதுல நான் கத்துக்கிட்ட ஒரு முக்கியமான விஷயம், எப்ப, எங்க, என்ன குடுக்கணும்ங்கிறது என் வேலை, எவ்ளோ சாப்பிடணும்ங்கிறது அவ வேலை. தூங்கப் போறதுக்கு முன்னாடி வயித்த எப்படியாச்சும் நிரப்பிடணும்னு நான் பண்ண அவசரத்துலதான் சோறு கன்னத்துல தங்குச்சு. இப்ப 30 நிமிஷத்துல தட்ட எடுத்துடுவேன். வாய தொறக்கச் சொல்லி பாத்துட்டு, தண்ணி ரெண்டு வாய் குடுத்துட்டுத்தான் கீழ எறக்குவேன். அந்த வாய் பாக்குற வேலைய மட்டும் ஒருநாளும் விடாதீங்க.

என்ன குடுக்குறதுங்கிறதுலயும் நேரம் பாக்கணும். தூக்கத்துக்கு முன்னாடி சோறுன்னா அது தெரிஞ்ச சோறா இருக்கணும், அந்த நேரத்துல புது காய் புது ருசின்னு பரிச்சை வச்சா ரெண்டு நிமிஷத்துல சண்டையாயிடும். எங்க வீட்ல 11:15க்கு சுத்தி சுத்தி ஒரு அஞ்சாறு சாப்பாடுதான், பருப்பு சாதம், சிவப்புக் கீரை மசியல் (இங்க எல்லாக் கீரைக்கும் ஹெர்ப்ஸ்னுதான் பேரு, சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்ல கட்டு கட்டா கெடைக்கும்), சுகர் பீன்ஸ (ராஜ்மா மாதிரி ஒரு பயறு) நல்லா குழைய வேக வச்சு மசிச்சது, பட்டர்நட் பூசணி, முட்டை, கொஞ்சம் கோழி. மக்காச்சோள மாவுல பாப் (நம்ம களி மாதிரி) கிண்டி தயிர் போட்டும் குடுப்பேன், இந்த நாட்டுல அந்த மாவுலயும் கோதுமை மாவுலயும் 2003ல இருந்து இரும்பு, துத்தநாகம், வைட்டமின் எல்லாம் கட்டாயமா சேக்குறாங்க, அது நமக்கு ஒரு உதவி. கூட ஒரு கொய்யாத் துண்டோ, குளிர்காலத்துல நார்ச்சி ஆரஞ்சு ரெண்டு சுளையோ வச்சா பருப்புல கீரைல இருக்கிற இரும்பு உடம்புல நல்லா சேரும். டீ வேண்டவே வேண்டாம், சொந்தக்காரங்க வீட்டுக்கு போனா பால் டீல ரஸ்க் முக்கிக் குடுக்குற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, பாசத்துலதான் குடுக்குறாங்க, ஆனா டீ இரும்ப சேர விடாது.

புதுசா எது குடுக்குறதா இருந்தாலும் தூங்கி எந்திரிச்ச பிறகுதான். ஆனா எந்திரிச்ச உடனே இல்ல. இது நான் ரொம்ப லேட்டா கண்டுபிடிச்சது. தூங்கி எந்திரிச்சதும் ஒரு இருவது நிமிஷம் புள்ளைக்கு எதுவும் வேண்டாம், மடி மட்டும் வேணும். நான் எந்திரிச்சதும் ஸ்நாக் கிண்ணத்தோட நிப்பேன், தட்டி விடுவா, எனக்கு கோவம் வரும். இப்ப தூக்கி தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் நிப்பேன், தண்ணி குடுப்பேன், அவளா எறங்கி ஓட ஆரம்பிச்சதும் தட்டு. அப்ப பாத்தா எதையும் வாயில வச்சுப் பாக்குற மனசு இருக்கும். அவகாடோ, வேக வச்ச மடும்பி (நம்ம சேப்பங்கிழங்குதான்), கேரட், ரொட்டில மெலிசா தடவின வேர்க்கடலை பட்டர் எல்லாம் அந்த நேரத்துலதான் உள்ள போச்சு. திராட்சைன்னா நீள வாக்குல நாலா வெட்டித்தான் குடுக்கணும், முழு கடலை, பாப்கார்ன் எல்லாம் இந்த வயசுக்கு கூடாது. ஸ்நாக் 3 மணிக்குள்ள முடிஞ்சா ராத்திரி சோறு 5:30, 5:45க்கு நல்லா போகும். பால் காலைல ஒண்ணு, ராத்திரி சோத்தோட கப்புல ஒண்ணு, அதுக்கப்புறம் பல்லு தேச்சுட்டுத்தான் படுக்கை. பாட்டில வாயில வச்சுக்கிட்டே தூங்குற பழக்கத்த நிறுத்த பத்து நாள் ஆச்சு, அந்த பத்து நாள் ராத்திரிய நானும் வீட்டம்மாவும் மாத்தி மாத்தி முழிச்சோம், ஆனா பால் பல்லுலயே தங்குனா சொத்தை வரும்ங்கிறதால விடல.

இதுக்கு நடுவுல லோட் ஷெட்டிங், அதாவது முறை வச்சு கரண்ட் கட் பண்றது. 2023 முழுக்க கொடுமை, கட்டு ரொம்ப அதிகமான ஸ்டேஜ் 6 ஓடுற நாள்ல மூணு தடவ, சில நாள் நாலு தடவ, ஒவ்வொன்னும் ரெண்டு ரெண்டரை மணி நேரம் கரண்ட் இருக்காது. 10ல இருந்து 12 வரைக்கும் கட்டுன்னா சோறு எப்ப வடிக்கிறது, 12ல இருந்து 2ன்னா ஃபேன் இல்லாம எப்படி தூங்குறது. ராத்திரியே மறுநாள் அட்டவணைய பாத்துடுவேன். காலைல கரண்ட் இருக்கும்போதே சமைச்சு, வாய் அகலமான ஃப்ளாஸ்க்ல கொதிக்கிற தண்ணி ஊத்தி அஞ்சு நிமிஷம் வச்சு கொட்டிட்டு, சுடச்சுட பருப்பு சாதத்த போட்டு மூடிட்டா 11:15க்கு தொறக்கும்போதும் ஆவி பறக்கும், ஆற வச்சுத்தான் ஊட்டணும். ஒரு சின்ன கேஸ் அடுப்பும் வாங்கினோம். தூக்கத்துக்கு சார்ஜ் போடுற ஃபேன் ஒண்ணு, ஜன்னல்ல ஈரத் துண்டு.

ஜன்னல்னதும் ஒண்ணு சொல்லணும், தூங்குற ரூம் ஜன்னல தொறந்து வச்சாலும் சமையல்கட்டு ஜன்னல சாத்திடுங்க. ஒருநாள் பாப்பா தூங்கிட்டா, வீடே அமைதி, நான் ஹெட்போன மாட்டிக்கிட்டு மீட்டிங்ல இருக்கேன், ஏதோ உருள்ற சத்தம், போய்ப் பாத்தா மேசை மேல குரங்கு, சாயங்கால ஸ்நாக்குக்கு வச்சிருந்த வாழைப்பழம் அது கைல. நான் கத்துனதுல பாப்பா எந்திரிச்சிட்டா. டர்பன்ல வீடு இருக்கிறவங்க பழத்த தட்டுல வைக்காம அலமாரிக்குள்ள வைங்க.

அடுத்தது வெயில் கால விடியல். டிசம்பர்ல இங்க 5 மணிக்கு முன்னாடியே சூரியன் வந்துடும், கூரைல ஹடீடா பறவை கத்த ஆரம்பிச்சுடும், பாப்பாவும் எந்திரிச்சுடுவா. ஜூன்ல ஆறே முக்காலுக்கு மேலதான் விடியும். கிட்டத்தட்ட ரெண்டு மணி நேர வித்தியாசம். ஜூன்ல சரியா இருந்த 11:15 டிசம்பர்ல ரொம்ப லேட்டு. மொதல்ல கெட்டியான கருப்புத் திரை போட்டு 5:45 வரைக்கும் இழுத்தோம், அப்புறம் அன்னிக்கு எந்திரிச்ச நேரத்துல இருந்து எண்ணி மொத்த வரிசையவும் முன்னாடி தள்ளிட்டோம், காலைச் சாப்பாடு ஆறேகால், ஸ்நாக் எட்டரை, சோறு பத்தே முக்கால். பத்தே முக்காலுக்கு சோறான்னு எங்கம்மா திருநெல்வேலில இருந்து போன்ல அதிர்ச்சியாயிட்டாங்க. "இது காலைச் சாப்பாடா மதியச் சாப்பாடாலே?" ரெண்டும் இல்லம்மா, தூக்கத்துக்கு முந்துன சாப்பாடுன்னேன். அம்மா 4 மணிக்கு காப்பி குடிச்சுட்டு வீடியோ கால் போடுவாங்க, அது இங்க பாப்பா தூங்குற நேரம், மூணு தடவ மணி அடிச்சு எழுப்பி விட்டுட்டாங்க. அப்புறம் எடுத்துச் சொன்னதும் அவங்களே ஏழரைக்கு மாத்திக்கிட்டாங்க, இங்க 4 மணி, பாப்பா நல்ல மூடுல இருப்பா, பேத்தி ஓடுறதயும் ஆடுறதயும் பாக்குறாங்க.

கோயில் விசேஷம், பிரேயர் வீடுன்னா மதியம் ரெண்டு மணிக்குத்தான் எலை போடுவாங்க. நாங்க டிஃபன் டப்பா எடுத்துட்டு போய் 11:15க்கு ஓரமா உக்காந்து ஊட்டிடுவோம். ஆடி மாசத்துல மாரியம்மனுக்கு ஊத்துற புளிச்ச கூழ் அவளுக்கு ரொம்பப் புடிக்கும், அத தூங்கி எந்திரிச்ச பிறகு குடுப்போம். கார்ல போறதுதான் சிக்கல். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டர்பன்ல இருந்து கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், 11 மணிக்கு கெளம்பினா வழியிலேயே இருவது நிமிஷம் தூங்கிடுவா, அதோட அன்னிக்கு தூக்கமும் போச்சு, சாப்பாடும் போச்சு. அதனால காலை ஒன்பது மணி ஸ்நாக்க முடிச்ச உடனே கெளம்புவோம், இல்லன்னா சோறு ஊட்டிட்டு தூக்க நேரத்துக்கே கெளம்பி முழுத் தூக்கத்தயும் கார்ல தூங்க விடுவோம். ஓடுற கார்ல சீட்ல உக்கார வச்சு எதுவும் தின்னக் குடுக்குறதில்ல, பின்னாடி தொண்டைல அடைச்சா ஓட்டுறவனுக்கு தெரியாது.

மூணு மாசம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணப்ப இரும்பு சரியாயிடுச்சு. மருந்தும் காரணம், பால் 450 மில்லியா கொறஞ்சதும் காரணம், 11:15 சோறும் காரணம்னு நான் நம்புறேன். ஆயாகிட்ட போய் சொன்னேன், ரிப்போர்ட்ட வாங்கி கண்ணாடி போட்டு பாத்துட்டு பாப்பா கன்னத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாங்க.

இத எழுதுறது மே 2024ல, அவளுக்கு ரெண்டு வயசு நாலு மாசம். மார்ச் கடைசில இருந்து கரண்ட் கட்டும் இல்ல, மதியம் ஃபேன் ஓடுது. ஒண்ணுலருந்து ரெண்டு வயசு வரைக்கும் பகலும் ராத்திரியும் சேத்து 11ல இருந்து 14 மணி நேரம் தூங்கணும்னு சொல்றாங்க, மூணுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் 10ல இருந்து 13, அதனால தூக்கம் கொறையிறது இயல்புதான். வாரத்துல ரெண்டு நாள் மதியம் தூங்கவே மாட்டேங்குறா. சோத்த 11:45க்கு தள்ளியிருக்கேன், தூங்கலன்னாலும் திரைய இழுத்துட்டு ஒரு மணி நேரம் ரூம்ல பொம்மையோட அமைதியா இருக்கணும். தூங்காத நாள்ல ஸ்நாக் ரெண்டரைக்கே வேணும், ராத்திரி சோறு அஞ்சுக்கே வேணும், ஆறு மணின்னு வச்சா மறுபடி அந்த பழைய கதைதான், தட்டத் தள்ளுறது, கண்ண கசக்குறது. நேத்து தூங்கல. அஞ்சு மணிக்கு ரசம் சோறும் முட்டையும் வச்சேன், முழுசா சாப்பிட்டா, வாய தொறந்து காட்டுனா, நான் கேக்காமலே. வெளிய இருட்ட ஆரம்பிச்சிருந்துச்சு, ஆறேகாலுக்கெல்லாம் தூங்கிட்டா, வீட்டம்மா வேலைலருந்து வந்து பாக்கும்போது ரெண்டு கன்னமும் தலையணைல அழுந்திக் கெடந்துச்சு.